பிரிட்டனின் முதல் இ.எம்.யூ. (எலக்ட்ரிக் மல்டிபிள் யூனிட், தனி இன்ஜின் இல்லாத மின்சார ரயில்) எது? 1893-ஆ, 1903-ஆ?

மெர்சிக்கரை எழுதியது:

லிவர்பூலுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. ஆற்றங்கரை மியூசியத்துக்குப் பிள்ளைகளோடு பலமுறை போயிருக்கிறேன். தனியாகப் போய் ஓவர்ஹெட் ரயில்வே பெட்டியை நிதானமாகப் பார்த்தது போன ஞாயிறுதான். 1892-ல் செய்த பெட்டி, எண் 3. அந்த லைனின் அசல் மோட்டார் பெட்டிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே. உள்ளே எங்கே கை வைத்தாலும் மரம்தான். வெளியே வந்து குனிந்து சக்கரங்களைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. இன்ஜின் என்று தனியாக ஒன்று இல்லாமல், ஆட்கள் உட்காரும் பெட்டிக்கு அடியிலேயே மோட்டாரை வைத்து ஓட்டலாம் என்று 130 வருடத்துக்கு முன்பே நம்பியிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: துறைமுகத்தை ஒட்டி, இரும்புத் தூண்கள் மேல் போன ரயில் இது. 1893 பிப்ரவரி 4 அன்று சால்ஸ்பரி பிரபு திறந்துவைத்தார், மார்ச் 6 முதல் பொதுமக்களுக்கு ஓடியது. முதலில் நீராவிதான் யோசனையில் இருந்தது. கீழே டாக் நெடுகப் பஞ்சும் மரமும் குவிந்து கிடக்கும் இடத்தில் இன்ஜின் பொறி விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் மின்சாரம். 500 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்). இரண்டு பெட்டி சேர்ந்தது ஒரு வண்டி, இரண்டிலும் மோட்டார். மழை பெய்தால் டாக் தொழிலாளர்கள் அதன் அடியில் ஒதுங்கி நடப்பார்கள், அதனால் ஊர் வைத்த பெயர் 'டாக்காரர் குடை'. 1956 டிசம்பர் 30-ல் மூடினார்கள்.

லண்டனில் சிட்டி அண்ட் சவுத் லண்டன் 1890-லேயே மின்சாரத்தில் ஓடியது உண்மை. ஆனால் அங்கே சின்ன மின்சார இன்ஜின் பெட்டிகளை இழுத்தது. ஆகவே என் கட்சி: பிரிட்டனின் முதல் இ.எம்.யூ. லிவர்பூல் ஓவர்ஹெட்தான். மறுப்பவர்கள் வாருங்கள்.


பிளாட்பாரம்9 எழுதியது:

புது ஆள், ஒரு அடிப்படைச் சந்தேகம். மோட்டாரை இன்ஜினில் வைத்தால் என்ன, பெட்டிக்கு அடியில் வைத்தால் என்ன? கரண்ட் அதே கரண்ட்தானே. இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறோம்?


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் இ.எம்.யூ. கார் ஷெட்டில் எலக்ட்ரிக்கல் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வண்டி வந்து நிற்கிறது. இன்ஜின் இப்போது முட்டுக்கட்டைப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போக வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும், பக்கத்து லைனில் சுற்றிக்கொண்டு வர வேண்டும், மறுமுனையில் கோக்க வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும். அல்லது இன்னொரு இன்ஜின் தயாராக நிற்க வேண்டும். அதுவரை அந்த பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். இ.எம்.யூ. என்றால் மோட்டார்மேன் சாவியையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தால் வண்டி கிளம்பிவிடும். காலையில் கூட்டம் நெரியும் ஊருக்கு இந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்.

அடுத்தது நின்ற இடத்திலிருந்து எழும்பும் வேகம். ஒரே இன்ஜினின் சக்கரங்களை மட்டும் நம்பாமல், வண்டி நெடுகப் பல அச்சுகள் தள்ளுகின்றன. மைலுக்கு ஒரு ஸ்டேஷன் உள்ள லைனில் உச்ச வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

ஆனால் மெர்சிக்கரை அவர்களே, உங்கள் கட்சியில் நான் சேர முடியாது. பெட்டிக்கு அடியில் மோட்டார் இருந்தால் மட்டும் இ.எம்.யூ. ஆகிவிடாது. அந்தப் பெயரில் 'மல்டிபிள்' என்ற சொல் சும்மா இல்லை. இரண்டு யூனிட்டைக் கோத்தால், ஐந்தைக் கோத்தால், முன்னால் இருக்கும் ஒரே ஆள் எல்லா மோட்டாரையும் ஒன்றாக ஓட்ட வேண்டும். அதைச் சாதித்தது மோட்டார் இல்லை, ஒரு மெல்லிய கம்பி.

ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற அமெரிக்கர் 1897-ல் சிகாகோவின் சவுத் சைடு மேம்பால ரயிலுக்காகச் செய்தது அது. மோட்டார்மேன் கையில் இருக்கும் மாஸ்டர் கன்ட்ரோலரில் ஓடுவது சிறிய கரண்ட். அது வண்டி நெடுகப் போகும் கன்ட்ரோல் கேபிளில் போய், ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்கு அடியிலும் உள்ள கான்டாக்டர்களுக்கு (பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்சுகளுக்கு) உத்தரவு கொடுக்கும். பெரிய கரண்ட் அந்தந்தப் பெட்டியின் ஷூவிலிருந்து (கரண்ட் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாகம்) அந்தந்தப் பெட்டியின் மோட்டாருக்கே போகும், ஆள் பக்கத்தில் வரவே வராது. அந்த வருடம் ஷெனெக்டடியில் சோதனை காட்டியபோது ஸ்ப்ரேக் தன் பத்து வயது மகனைக் கன்ட்ரோலரில் நிறுத்தி வண்டியை ஓட்ட வைத்தார். அவ்வளவு லேசான கைப்பிடி.

லிவர்பூலில் 1893-ல் இந்தக் கம்பி கிடையாது.


மெர்சிக்கரை எழுதியது:

ஐயா, விளக்கம் அருமை. ஆனாலும் விட மாட்டேன். அந்த அளவுகோலை வைத்தால் 1898-ல் திறந்த லண்டனின் வாட்டர்லூ அண்ட் சிட்டி ரயில்வேயும் கணக்கில் வராதே? அதன் பெட்டிகளை அமெரிக்காவில் ஜாக்சன் அண்ட் ஷார்ப் செய்து, ஈஸ்ட்லீயில் கோத்து, சீமென்ஸ் சாமான் மாட்டி ஓட்டினார்கள். இருபுறமும் மோட்டார் பெட்டி, நடுவில் மோட்டார் இல்லாத டிரெய்லர். டிரைவர் எப்போதும் முன்னால்தான். திரும்பும்போது இன்ஜின் மாற்றும் வேலையே இல்லை. நீங்களே சொன்ன பலன் எல்லாம் அதில் வந்துவிட்டதே.


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

பலன் பாதி வந்தது. பின் பெட்டி மோட்டாருக்கு எப்படிக் கரண்ட் போனது என்று பாருங்கள். டிரைவரின் கன்ட்ரோலரிலிருந்து முழு 500 வோல்ட் கேபிள் வண்டி நெடுகக் கூரை மேல் போனது. பயணிகள் தலைக்கு மேலே, மரப்பெட்டிகள் மேலே. ஆய்வு அதிகாரிகளுக்குப் பிற்பாடு இந்த மாதிரி ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. இதே முறையில் இன்னொரு வண்டியைப் பின்னால் கோக்க நினைத்தால் கேபிளும் கன்ட்ரோலரும் தாங்காது. நான்கு பெட்டியோடு கதை முடிந்தது.

ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. 1901 டிசம்பர் 23, டிங்கிள் ஸ்டேஷன். மேம்பால ரயில் அந்தக் கோடியில் மட்டும் சுரங்கத்துக்குள் போகும். மோட்டாரில் பழுது ஏற்பட்டு வண்டி தீப்பிடித்தது. மரப்பெட்டி, சுரங்கம், உள்ளே வீசிய காற்று. 6 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு.


மெர்சிக்கரை எழுதியது:

டிங்கிள் பற்றி எனக்குத் தெரியும் ஐயா. அந்தச் சுரங்க வாயில் பக்கம்தான் என் வீடு. படித்த நாளிலிருந்து அந்த வழியாக நடக்கும்போது ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.


கரிப்புகை எழுதியது:

நான் நீராவிப் பைத்தியம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மெர்சி ரயில்வே விஷயத்தில் நான் மின்சாரத்தின் பக்கம்தான் நிற்பேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மெர்சி ஆற்றுக்கு அடியில் லிவர்பூலையும் பர்க்கன்ஹெட்டையும் இணைத்த சுரங்கம், 1886-ல் நீராவியில் திறந்தது. ஆற்றுக்கு அடியில் இறங்கி ஏற வேண்டும், 27-க்கு 1 சரிவு. இந்த ஏற்றத்துக்கு ராட்சத டேங்க் இன்ஜின்கள். அதில் ஒன்று, செசில் ரெய்க்ஸ், இன்றும் இருக்கிறது. எத்தனை விசிறி வைத்தும் புகை போகவில்லை. மூச்சு முட்டி ஜனங்கள் மறுபடி படகுக்கே போய்விட்டார்கள். திறந்து இரண்டே வருடத்தில் கம்பெனி கடன்காரர்கள் கையில்.

கடைசியில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் வந்தார். மான்செஸ்டர் டிராஃபர்ட் பார்க்கில் அவர் புதிதாகத் தொழிற்சாலை கட்டியிருந்த நேரம், பிரிட்டனில் காட்ட அவருக்கும் ஒரு லைன் வேண்டியிருந்தது. 1903 மே 2 இரவு கடைசி நீராவி வண்டி. மே 3 மின்சார வண்டி. நீராவியில் ஓடிய ஒரு ரயில்வே முழுதாக மின்சாரத்துக்கு மாறியது பிரிட்டனில் அதுதான் முதல்முறை. எனக்குப் பிடித்த இன்ஜின்கள்தான் அந்தச் சுரங்கத்தில் மனிதர்களின் மூச்சை அடைத்தன. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.


பிளாட்பாரம்9 எழுதியது:

சரி, அப்போது ஸ்ப்ரேக் முறையில் பிரிட்டனில் ஓடிய முதல் வண்டி மெர்சியா?


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

இல்லை, லண்டன். அதுவும் ஒரு தொல்லையிலிருந்து பிறந்தது.

சென்ட்ரல் லண்டன் ரயில்வே 1900 ஜூலை 30-ல் திறந்தது, ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பேங்க் வரை. எங்கே போனாலும் இரண்டு பென்ஸ், அதனால் 'டூபென்னி டியூப்'. 44 டன் மின்சார இன்ஜின்கள். அந்த எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங் தாங்காமல் நேராகத் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. மோட்டார் அச்சிலேயே ஏறியிருந்தது, கியர் இல்லை. மேலே வீடுகள் அதிர ஆரம்பித்தன. சீப்சைடில் வரைபடம் போடுபவர்கள் நேர்கோடு போட முடியவில்லை என்று புகார். அரசின் போர்டு ஆஃப் டிரேடு, ரேலே பிரபு தலைமையில் கமிட்டி போட்டது.

கம்பெனி இரண்டு வழியைச் சோதித்தது. சில இன்ஜின்களுக்குக் கியர் வைத்துப் பார்த்தது, அதிர்வு கொஞ்சம் குறைந்தது. அப்புறம் சில பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் வைத்து, ஸ்ப்ரேக் முறையில் கன்ட்ரோல் கம்பி இழுத்து, 1901-ல் ஆறு பெட்டி வண்டியாக ஓட்டியது. அதிர்வு ஏறக்குறைய காணாமலே போனது. உடனே 64 மோட்டார் பெட்டிக்கு ஆர்டர். 1903 நடுவில் இன்ஜின்கள் எல்லாம் ஓரம் கட்டப்பட்டன, மூன்றே வயது ஆன இன்ஜின்கள்.

ஆகவே என் கணக்கில் முதல் இ.எம்.யூ. அந்த 1901 சோதனை வண்டி. தினசரி சர்வீஸ் என்றால் 1903.


25_சைக்கிள் எழுதியது:

எல்லோரும் டி.சி.யையே பேசுகிறீர்கள். நான் கட்சி மாறிப் பேசுகிறேன்.

லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வே, விக்டோரியாவிலிருந்து லண்டன் பிரிட்ஜ் வரை உள்ள சவுத் லண்டன் லைன். டிராம் வந்து பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிலிப் டாசன் என்ற எஞ்சினியர் ஆலோசனைப்படி 1909 டிசம்பர் 1-ல் மின்சார வண்டி விட்டார்கள். மூன்றாவது தண்டவாளம் (கரண்ட் ஓடும் தனித் தண்டவாளம்) இல்லை, தலைக்கு மேல் கம்பி, 6,700 வோல்ட் ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்), நொடிக்கு 25 சைக்கிள். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. சாமான். 'எலிவேட்டட் எலக்ட்ரிக்' என்று விளம்பரம் செய்தார்கள். போன பயணிகள் திரும்பி வந்தார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்பே மிட்லண்ட் ரயில்வே லங்காஸ்டர், மோர்கம், ஹேஷம் லைனில் 6,600 வோல்ட் ஏ.சி. ஓட்டிவிட்டது. சின்ன லைன்தான். ஆனால் 1950-களில் அதே லைனை 50 சைக்கிளுக்கு மாற்றிச் சோதித்த அனுபவம்தான், பிரிட்டன் 25,000 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்க உதவியது. வழி 1908-லேயே போட்டாயிற்று. நடுவில் நாற்பது வருடம் அதில் நடக்கவில்லை, அவ்வளவுதான் என் வருத்தம்.

லண்டனின் மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட் ரயில்வே கம்பெனிகளும்கூட கான்ஸ் கம்பெனியின் 3,000 வோல்ட் மூன்று ஃபேஸ் ஏ.சி.க்கு ஏறக்குறைய சம்மதித்துவிட்டன. டிஸ்ட்ரிக்டை யெர்க்ஸ் என்ற அமெரிக்கர் வாங்கினார், டி.சி. தான் வேண்டும் என்றார், மத்தியஸ்தம் வரை போய் 1901-ல் டி.சி. ஜெயித்தது.


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

அந்த மத்தியஸ்தத்துக்கு அப்புறமும் இரண்டு கம்பெனிக்கும் ஒத்துப்போகவில்லை. 1905 ஜூலை 1, இரண்டும் பகிர்ந்துகொண்ட இன்னர் சர்க்கிள் லைனில் மின்சார வண்டி விட்ட முதல் நாள். மெட்ரோபாலிட்டன் வண்டியின் ஷூ டிஸ்ட்ரிக்டின் கரண்ட் தண்டவாளத்துக்குப் பொருந்தாமல் அதைப் பெயர்த்துவிட்டது. வண்டிகளை அன்றே எடுத்துவிட்டார்கள், முழு சர்வீஸ் செப்டம்பரில்தான் வந்தது. ஷூ உயரத்தில் ஒரு விரல் தப்பினால் என்ன ஆகும் என்று ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கியது.

ஏ.சி. பற்றி: 25_சைக்கிள் சொல்வது நியாயம். ஆனால் தோற்றது தொழில்நுட்பம் இல்லை, மைல் கணக்கு. பக்கத்து லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்னில் ஹெர்பர்ட் வாக்கர் 1915 அக்டோபர் 25-ல் மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட் டி.சி. தொடங்கினார். புதுப் பெட்டி வாங்கவில்லை. நீராவி வண்டியில் ஓடிய பழைய பெட்டிகளையே வெட்டிச் சேர்த்து, மூன்று பெட்டி யூனிட்டாக 84 செய்தார். முகப்பு டார்பிடோ மாதிரி கூராக இருக்கும். நடுவில் ஒரு எழுத்து: ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு எச், ஷெப்பர்ட்டனுக்கு எஸ். ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வண்டி, டைம்டேபிளைப் பார்க்காமலே மனப்பாடம் ஆகிவிடும். காலையும் மாலையும் இரண்டு யூனிட், நடுவில் இரண்டு டிரெய்லர், ஆக எட்டுப் பெட்டி. மதியம் கழற்றிவிட்டு மூன்று பெட்டி. இதுதான் ஸ்ப்ரேக் கம்பியின் முழுப் பயன், கூட்டத்துக்குத் தக்கபடி வண்டியை நீட்டவும் குறைக்கவும் முடிகிறது.

1923-ல் எல்லாம் சதர்ன் ரயில்வேயாகச் சேர்ந்த பிறகு வாக்கர்தான் ஜெனரல் மேனேஜர் நாற்காலிக்கு வந்தார். டி.சி. லைன் நீளமாக இருந்தது. 1929 செப்டம்பரில் கடைசி ஏ.சி. வண்டி ஓடியது, கம்பிகளை இறக்கிவிட்டார்கள். பிரைட்டன் வரை 1933 ஜனவரி 1-ல் மின்சாரம் போனது, அதுவும் மூன்றாவது தண்டவாளத்தில்.


25_சைக்கிள் எழுதியது:

மைல் கணக்கு என்பதை ஏற்கிறேன். கம்பியை இறக்கியதை மட்டும் ஏற்க முடியவில்லை.


கரிப்புகை எழுதியது:

1904-ஐ யாரும் தொடவில்லையே! இரண்டு வடநாட்டுக் கம்பெனிகள் சில நாள் இடைவெளியில் முந்திக்கொண்டன.

நார்த் ஈஸ்டர்ன், நியூகாஸில் நியூ பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து பென்டன் வரை, மார்ச் 29. அங்கேயும் எதிரி டிராம்தான். பெட்டிகள் யார்க்கில் செய்தவை, கன்ட்ரோல் சாமான் பிரிட்டிஷ் தாம்சன் ஹூஸ்டன். சொந்தமாகப் பவர் ஹவுஸ் கட்டாமல் ஊர் மின்சாரக் கம்பெனியிடம் கரண்ட் வாங்கினார்கள், அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்.

லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர், லிவர்பூல் சவுத்போர்ட் லைன். ஆஸ்பினால் நிர்வாகம், பிரெஸ்டன் டிக் கெர் கம்பெனி சாமான். பத்தடி அகலப் பெட்டி, பிரிட்டனில் அவ்வளவு அகலம் வேறு எங்கும் கிடையாது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி நீராவியில் 54 நிமிடம் எடுத்தது, மின்சாரத்தில் 37. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1905 ஜூலை 27-ல் ஹால் ரோடில் மின்சார வண்டி ஒன்று நின்றிருந்த காலி வண்டியில் மோதி 20 பேர் இறந்தார்கள். வேகமாக எழும்பும் வண்டி, மர உடம்பு. இரும்புப் பெட்டி ஏன் வேண்டும் என்பதை அந்த லைன் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. அதே கம்பெனி 1916-ல் மான்செஸ்டர் பரி லைனுக்கு உலோகத்தால் ஆன பெட்டிகளைக் கொண்டுவந்தது.


பிளாட்பாரம்9 எழுதியது:

நியூகாஸிலில் இப்போது ஓடும் மெட்ரோ அந்த லைன்தானா?


கரிப்புகை எழுதியது:

பெரும்பாலும் அதே பாதைதான். நடுவில் ஒரு கொடுமை. 1967-ல் மின்சாரத்தை நிறுத்தி டீசல் வண்டி விட்டார்கள். 1904-ல் மின்சாரம் பார்த்த ஊர் மறுபடி புகையைப் பார்த்தது. 1980-ல் மெட்ரோ வந்தபோதுதான் மின்சாரம் திரும்பியது, இந்த முறை மேல் கம்பி, 1,500 வோல்ட் டி.சி.


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

1,500 வோல்ட் என்றதும் நம்ம ஊர் ஞாபகம் வருகிறது. மெட்ராஸ் பீச் தாம்பரம் லைன் 1931-ல் அந்த வோல்ட்டில்தான் தொடங்கியது. அதற்குள் ஸ்ப்ரேக் கம்பிக்கு வயது 34.

அந்தக் கம்பியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஷெட்டில் காலை வண்டி ஒன்று முன் யூனிட் மட்டும் இழுத்துக்கொண்டு போனது. பின் யூனிட் செத்த எடை. மோட்டாரைப் பார்த்தோம், கான்டாக்டரைப் பார்த்தோம், ஃபியூஸ் மாற்றினோம், அரை நாள் போயிற்று. கடைசியில் ஒரு பெரியவர் இரண்டு யூனிட்டை இணைக்கும் கன்ட்ரோல் கேபிளான ஜம்பரைக் கழற்றி, சாக்கெட்டில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு பின் லேசாக வளைந்திருந்தது. இடுக்கியால் நிமிர்த்தினார். வண்டி எழும்பிப் போனது. கட்டைவிரல் கனம்கூட இல்லாத ஒரு பின்னை நம்பித்தான் இத்தனை நூறு டன் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால்தான் மெர்சிக்கரை, நான் 1893-க்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன். அந்த வண்டியின் மேல் மரியாதை இல்லாமல் இல்லை.


மெர்சிக்கரை எழுதியது:

ஐயா, பின் கதை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: மோட்டாரைப் பயணிகளுக்கு அடியில் வைத்தது லிவர்பூல், வண்டிகளை ஒன்றோடு ஒன்று பேச வைத்தது லண்டன். தலைப்பை மட்டும் மாற்ற மாட்டேன், என் ஊர்ப் பாசம் விடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். 1904 டைன்சைட் (நியூகாஸில் பகுதி) வண்டிகளில் ஏதாவது மிச்சம் உண்டா?


கரிப்புகை எழுதியது:

ஒன்றே ஒன்று. பார்சல் ஏற்றும் மோட்டார் வேன், எண் 3267, 1904-ல் செய்தது. நார்த் ஷீல்ட்ஸில் ஸ்டீபன்சன் ரயில்வே மியூசியத்தில் நிற்கிறது. பயணிகள் பெட்டிகளில் 34-ஐ 1918-ல் கார் ஷெட் தீ தின்றுவிட்டது. இந்த வேன் தப்பியது, பின்னாளில் கரண்ட் தண்டவாளத்தில் பனி நீக்கும் வேலைக்குப் போனது. அந்த எளிய வேலைதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.


நாட்ச்_பை_நாட்ச் எழுதியது:

யாராவது போனால் பக்கவாட்டில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரண்டு முனைக்கும் போய், பஃபருக்கு மேலே, சட்டத்தை ஒட்டி ஜம்பர் சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். மூடி இருந்தால் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எத்தனை பின் என்று எண்ணிச் சொன்னால் போதும்.


மெர்சிக்கரை எழுதியது:

அடுத்த மாதம் நியூகாஸிலில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். டார்ச் எடுத்துக்கொள்கிறேன் ஐயா. எண்ணிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.